சைரன் ஊதாத அலை: பூம்புகார்க் கரையில் ஒரு பகல்

பூம்புகாருக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை போய்வந்தேன். ஆனால் உங்கள் கேள்விக்காக மட்டும் போகவில்லை.

நான் நிலவியல் படித்தவள். படிப்புக்கும் பிழைப்புக்கும் சம்பந்தம் அறுந்து பல வருடங்கள் ஆயிற்று. இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகங்களைத் தமிழில் எழுதித் தருகிறேன். அந்தத் தை மாதம் கையில் இருந்தது நிலச்சரிவால் எழும் ராட்சத அலைகளைப் பற்றிய ஓர் அத்தியாயம். அலாஸ்காவில் 1958இல் ஒரு குறுகிய விரிகுடாவின் ஓரத்து மலைச்சரிவு நிலநடுக்கத்தில் பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்தது. எதிர்க்கரை மலையில் தண்ணீர் ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறி மரங்களை வழித்தெடுத்துவிட்டது. நம் பெரிய கோயில் விமானத்தைப் போல எட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும். இந்தோனேசியாவில் 2018இல் கடலுக்கு நடுவே இருந்த எரிமலைத் தீவின் ஒரு பக்கம் சரிந்து இறங்கியது. நிலம் பெரிதாக நடுங்கவில்லை. நடுக்கத்தைக் கேட்டு எச்சரிக்க வேண்டிய கருவிகளுக்குக் கேட்க எதுவும் இல்லை. கரையில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னாலிருந்து கடல் வந்தது. நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதையெல்லாம் எழுதுவது கடினமாக இல்லை. அத்தியாயத்தின் கடைசியில் ‘நம் பகுதியில்’ என்று தலைப்பிட்டு ஒரு பெட்டிச் செய்தி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பத்து வரி. அதை எழுத உட்கார்ந்து, எழுத வராமல்தான் ரயில் ஏறினேன்.

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை எழுபது கிலோமீட்டர். முன்பதிவில்லாப் பெட்டியில் நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும், நேரம் ஒன்றரை மணி. தாராசுரம் பார்க்க நினைப்பவர்கள் கும்பகோணத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் இரண்டையும் ஓட்டமாகத்தான் பார்ப்பீர்கள். நான் இறங்கவில்லை.

பாபநாசம் தாண்டியதும் சம்பா அறுவடை. வயலுக்கு வயல் அறுவடை மெஷின் நின்றது. கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, அதன்மேல் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்தது பயிரை அல்ல. மேடு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்தேன். ரயில் பாதையும் கோபுரங்களும் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இந்தச் சமதளம் முழுவதும் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஆறு கொட்டியதில் நாம் நின்று பயிரிடுவது ஒரு பங்குதான். மிச்சம் கடலுக்கு அடியில் கிடக்கிறது, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கடல்தரை திடீரென்று ஆழத்துக்கு இறங்கும் அந்தச் சரிவில். அங்கே ஈரச் சேறு சேற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உலகத்தில் வேறு இடங்களில் அப்படிப்பட்ட சரிவுகள் பெயர்ந்திருக்கின்றன. நார்வேக்கு வெளியே சுமார் எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர்ந்த ஒன்று, அலை கொண்டுபோன மணலை ஸ்காட்லாந்தின் கரையில் இன்னும் அடையாளமாக விட்டுவைத்திருக்கிறது. நம்முடையது பெயருமா என்று கேட்டால் நேர்மையான பதில் ‘தெரியாது’ என்பதே. அதைப் பெட்டிச் செய்தியில் எப்படிப் போடுவது?

மயிலாடுதுறை ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய் கேட்டார்கள், எண்பதுக்கு வந்தார்கள். பூம்புகாருக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து உண்டு, ஆனால் வருகிற பேருந்தெல்லாம் அதுவல்ல. முன் கண்ணாடியைப் பார்த்து ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. பத்து மணிக்குக் கரையில் இருந்தேன்.

சிலப்பதிகாரக் கலைக்கூடம், கடற்கரை, காவிரி கடலில் சேரும் இடம், இவ்வளவுதான் பார்க்க. சேரும் இடத்தில் பெரிய காட்சியை எதிர்பார்க்க வேண்டாம். மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் வெட்கப்பட்டது போலக் கடலுக்குள் போகிறது. கரையில் கருங்கல் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள். பழைய நகரம் ஒரே இரவில் கடலுக்குள் போனது என்று ஒருவர் சுற்றுலாக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். போயிருக்கலாம். கடல் கரையை வருடா வருடம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருக்கவும் கூடும். ஒரே இரவு என்றால் கேட்பவர்கள் நின்று கேட்கிறார்கள்.

அங்கிருந்து தெற்கே உள்ள மீனவ ஊர்களைப் பார்க்க அரை நாளுக்கு ஓர் ஆட்டோ பேசினேன். அறுநூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் ரவி, நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு கடலுக்குப் போனவர், சுனாமிக்குப் பிறகு ஆட்டோவுக்கு வந்துவிட்டார்.

“தனியா வந்திருக்கீங்க மேடம். பரிகாரமா, பிஎச்டியா?”

“ஏன், வேற எதுக்கும் வரக்கூடாதா?”

“தனியா வர்ற லேடீஸ் ரெண்டே வகைதான். ஒண்ணு திருவெண்காட்டுக்குப் பரிகாரம் பண்ண வருவாங்க. இல்ல, நோட்டு புஸ்தகத்தோட வந்து எங்களைக் கேள்வி கேப்பாங்க.”

நான் ரெண்டும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தி, கைப்பேசியை நீட்டினார். யாரோ அனுப்பிய காணொளி. மலை ஒன்று இடிந்து கடலில் விழுகிறது, கட்டடங்களுக்கு மேல் அலை எழுகிறது, கீழே சிவப்பு எழுத்தில் ‘தமிழகம் அழியுமா?’ என்று ஓடுகிறது.

“இது நெசமா மேடம்? மலை விழுந்தா இம்மாம் பெரிய அலை வருமா?”

“படம் பொய். ஆனா மலை விழுந்து அலை வர்றது உண்மைதான். இங்க கரையோரமா மலை கிடையாது. அந்த மாதிரி வராது.”

“அப்ப நமக்குக் கவலை இல்ல.”

அதோடு விட்டிருக்கலாம். படித்ததைப் பாதியில் நிறுத்தத் தெரியாத பழக்கம் எனக்கு. மலை வெளியேதான் இருக்க வேண்டும் என்று இல்லை, கடலுக்கு அடியிலும் சரிவு உண்டு, அதிலிருந்து சேறு மொத்தமாகப் பெயர்ந்தாலும் மேலே அலை எழும் என்றேன். அலாஸ்கா உயரத்துக்கு எழாது. ஆனால் கிட்டத்தில் எழும்.

ரவி கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “நீங்க எங்க அண்ணி வீட்டுல சாப்பிடுங்க மேடம். வர்றவங்களுக்கு மீன் சாப்பாடு போடுவாங்க, நூத்தம்பது ரூபா. அங்க ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு. படிச்சவங்க வாயால ஒரு வார்த்தை வந்தா ரெண்டுல ஒண்ணு முடிஞ்சிடும்.”

அடுத்தவர் வீட்டுப் பஞ்சாயத்தில் உட்காருகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் மணி பன்னிரண்டரை, பசி. கரையில் வறுத்த மீன் விற்கிற கடைகளின் எண்ணெயைப் பார்த்திருந்தேன். சரி என்றேன்.

ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே அச்சு. இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மூட்டு வலியோடு தினமும் படகு இஞ்சினைத் தூக்கிக்கொண்டு கடலுக்கும் வீட்டுக்கும் அலைய முடியாமல் பலர் பழைய மனையிலேயே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே கட்டலாமா, பட்டா செல்லுமா என்பது வேறு வம்பு. கட்டிவிட்டார்கள்.

ரவியின் அண்ணி மல்லிகாவுக்கு அறுபதை நெருங்கிய வயது. வீட்டு வாசலில் வேப்பமரக் கிளையில் தூளி கட்டியிருந்தது. உள்ளே கட்டாமல் வெளியே ஏன் என்று கேட்கும்முன் அவரே உள்ளே கூட்டிப்போய் மேலே காட்டினார். கூரை பொரிந்து, துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்தன. தூளி மாட்டிய கொக்கிக்கு ஒரு சாண் தள்ளி, தலையணை அளவுக்குக் காரை பெயர்ந்திருந்தது.

“போன வாரம் விழுந்துச்சும்மா. பிள்ளை தூங்கிட்டு இருக்கான். தூளிக்கும் அதுக்கும் இம்புட்டுதான் இடம்.” பிள்ளை என்றது எட்டு மாதப் பேரனை.

சாப்பாடு நன்றாக இருந்தது. சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், ரசம். போகிறவர்கள் ரவி போன்ற உள்ளூர் ஓட்டுநர்களிடம் இப்படி வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பாதி சாப்பாட்டில் மகன் கார்த்தி வந்தார். இருபத்தேழு வயது. கரையில் வலையைக் காயப்போட்டுவிட்டு வந்த கையோடு, என்னைப் பார்த்துச் சிரித்து, “சித்தப்பா, ஜட்ஜைக் கூட்டியாந்தாச்சா?” என்று கேட்டார்.

வழக்கு இதுதான். கரையில் இருக்கும் பழைய மனையில் கார்த்தி வீடு கட்டப்போகிறார். அடுத்த வாஸ்து நாளில் மனை பூசை. மனைவி சுகன்யாவையும் பிள்ளையையும் அங்கே கூட்டிப்போவது முடிவாகிவிட்டது. மல்லிகா வரமாட்டேன் என்கிறார். தான் வரவில்லை என்றால் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக அங்கே போக மகன் தயங்குவான், தயங்கித் தயங்கி விட்டுவிடுவான் என்பது அவர் கணக்கு. மகன் தயங்கவில்லை. இரண்டு பேரும் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்று ரவி வழியில் சொல்லியிருந்தார். என் முன்னால் நன்றாகவே பேசினார்கள்.

“இப்பெல்லாம் பயம் இல்லை மேடம்,” என்று கார்த்தி கைப்பேசியைக் காட்டினார். “உலகத்துல எங்க நிலம் ஆடினாலும் இதுல சத்தம் வந்துடும். இந்தோனேசியாவுல ஆடிச்சுன்னா நமக்கு ரெண்டு மணி நேரம் கையில இருக்கு. கரையில சைரன் கம்பம் வேற நட்டுருக்காங்க.”

“ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டுத் தூங்குற பய,” என்றார் மல்லிகா. “அந்த போனை நம்பி என் பேரனைக் கொண்டுபோய் அலைவாயில போடணுமாம்.”

“சைரன் இருக்குல்ல?”

“இருக்கு. திருவிழாவுக்கு ஒரு தரம் ஊதிப் பாத்தாங்க. காக்கா பறந்துச்சு.”

ரவி சிரித்தார். அந்த ஊரில் இந்தோனேசியா என்றால் ஒரு நாடு இல்லை என்று எனக்குப் புரிந்தது. ‘இன்னிக்கு இந்தோனேசியா உண்டா’ என்று செய்தி பார்த்தவர்களைக் கேட்பார்களாம். ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு நிம்மதியாகப் படுப்பார்களாம். முதலில் அங்கே ஆடும், செய்தி வரும், அப்புறம்தான் கடல் வரும். இருபது வருடங்களுக்கு முன் செய்தி வரவில்லை, அதனால் போனோம். இனிமேல் செய்தி வரும், அதனால் போகமாட்டோம். கடல் அவர்களுக்கு ஒரே ஒரு முறை நடத்திய பாடத்தை அவர்கள் பிழையில்லாமல் கற்றிருந்தார்கள்.

“அலெர்ட் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

“நேரா கரைக்கு ஓடி, போட்டை எடுத்துக்கிட்டு ஆழத்துக்குப் போயிடுவோம் மேடம். அன்னிக்கு ஆழத்துல நின்னவங்களுக்கு அலை அடியில போனதே தெரியலை. கரையில இருந்தவங்கதான் போனாங்க. எல்லா வீட்டுலயும் அதுதான் பேச்சு, ஆம்பளைங்க கடலுக்கு, பொம்பளைங்க ஸ்கூல் மாடிக்கு.”

“நீ ஆழத்துக்குப் போயிடுவ. சுகன்யா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடணும். நல்லா இருக்குடா ஏற்பாடு,” என்றார் மல்லிகா.

இரண்டு மணி நேரம் இருந்தால் அது மோசமான ஏற்பாடு இல்லை. இரண்டு மணி நேரம் இருந்தால்.

மல்லிகா என் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். “ஏம்மா, நீங்க இதெல்லாம் படிச்சவங்கன்னு ரவி சொல்றான். அந்த மிஷினு சொல்லிடுமா? வர்றதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லிடுமா?”

சொல்லிவிடும் என்று சொன்னால் பிள்ளை கரைக்குப் போகும். சொல்லாது என்றால் பிள்ளை இந்தக் கூரைக்குக் கீழே இருக்கும். எனக்குச் சரியென்று தெரிந்ததைச் சொன்னேன். தூரத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தால் சொல்லிவிடும், அதில் எனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை. ஆனால் எல்லா அலையும் நடுக்கத்தில் பிறப்பதில்லை. கடலுக்கு அடியில் சேற்றுச்சரிவு தானாகப் பெயர்ந்தால் நிலம் ஆடாமலே அலை எழலாம். கருவி கேட்பது நடுக்கத்தை. அலையை அளக்கிற மிதவைகள் நடுக்கடலில் உண்டுதான், ஆனால் கிட்டத்தில் எழுந்த அலையை அவை கண்டு சொல்வதற்குள் அலை கரைக்கு வந்துவிடலாம்.

“இந்தக் கடல்ல அப்படி நடந்திருக்கா மேடம்?” என்றார் கார்த்தி.

“இந்தக் கரையில அப்படி ஒண்ணு நடந்து ஊர் போனதா எனக்குத் தெரிஞ்சு பதிவு இல்லை.”

“எத்தனை வருசத்துக்கு ஒரு தடவை நடக்கும்?”

“தெரியாது.”

“யாருக்காவது தெரியுமா?”

“உறுதியாச் சொல்லக்கூடியவங்க யாரும் இருக்கிறதா எனக்குத் தெரியலை.”

“இதுக்கு சித்தப்பாவோட வாட்ஸாப்பே தேவலாம்,” என்றார் கார்த்தி. “அதுலயாச்சும் தேதி போட்டு அனுப்புறானுங்க.”

சுகன்யா உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? கார்த்தி பேச்சைத் தொடர்ந்தார், மரியாதையாகத்தான் பேசினார். “யாருக்குமே தெரியாத ஒண்ணுக்குப் பயந்துகிட்டு, தெரிஞ்சே விழுற கூரைக்குக் கீழ பிள்ளையைப் போட முடியுமா மேடம்? நீங்களே சொல்லுங்க.”

அலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு படிப்பு இருந்தது. கூரையைப் பற்றிச் சொல்ல எதுவும் தேவையே இல்லை, அண்ணாந்து பார்த்தால் போதும்.

மல்லிகா இந்தப் பேச்சை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. “கிட்டத்துல எழுந்தா எவ்வளவு நேரத்துல கரைக்கு வரும்மா?”

“இடத்தைப் பொறுத்தது. அரை மணி நேரம் இருக்கலாம். அதுகூட இல்லாமலும் போகலாம்.”

“இங்கேருந்து நான் நடந்து கரைக்குப் போக அரை மணிக்கு மேல ஆவும்.” முழங்காலைத் தடவிக்கொண்டார். “அவன் பிடிவாதமா போயிட்டாலும், சைரன் கேட்டா ஓடிப்போய்ப் பிள்ளையை நான் தூக்கியாந்துடுவேன்னு நெனச்சிருந்தேன்.”

ரவிதான் எனக்குச் சொன்னார், அண்ணியைப் பார்க்காமல். சுனாமி வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மல்லிகா விடியற்காலையில் மீன் கூடையோடு கரையைவிட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு விற்கப் போயிருந்தார். கூட வருவேன் என்று அழுத ஆறு வயது கார்த்தியையும் இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். காலிக் கூடையோடு திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் யாருடைய படகோ கிடந்தது.

“அதுக்கப்புறம் இவனை விட்டு ஒரு நாள் தள்ளி இருந்ததில்லை மேடம்,” என்றார் ரவி. “பத்தாவது பரிச்சை ஹால் வாசல்ல அயிலைக் கூடையோட உக்காந்திருந்தாங்க. வாத்தியாரெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனாங்க.”

“மூணு பேரு அயிலை வாங்கிட்டும் போனாங்க,” என்றார் மல்லிகா.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “அப்ப, இங்க இருந்தா நான் பொழைச்சுக்குவேன். அவங்க அங்க இருப்பாங்க. எனக்குச் சத்தம்கூடக் கேக்காது. அப்படித்தானே சொல்றீங்க?”

நான் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் நான் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

“சரி. நானும் வரேன்டா,” என்றார் மகனிடம். “இன்னொரு தடவை கூடையோட திரும்பி வர்றவளா நான் இருக்க மாட்டேன். போறதுன்னா எல்லாரும் ஒண்ணாப் போவோம்.”

கார்த்தி எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்த் தூளியை ஆட்டினார். ஒரு மாதப் பஞ்சாயத்து முடிந்துவிட்டது. ரவிக்குச் சந்தோஷம். “நான் சொன்னேன்ல மேடம், படிச்சவங்க வாயால ஒரு வார்த்தை வந்தா போதும்னு.” பேரனை வைத்துக்கொண்டு கரைக்குப் போகாதே என்று ஒருவரால் மட்டும்தான் தடுக்க முடிந்திருந்தது. இப்போது அவரும் தடுக்கவில்லை.

சாப்பிட்டதும் எல்லோரும் மனையைப் பார்க்கப் போனோம். மல்லிகா ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேரனை மடியில் வைத்துக்கொண்டார். கரையிலிருந்து நூறு காலடி தூரம் இருக்கும். சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்திருந்தார்கள். பக்கத்தில் நான்கு வீடுகள் ஏற்கனவே குடியேறியிருந்தன, ஒன்றில் மொட்டை மாடியில் கருவாடு காய்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சொல்வதற்கு ஒன்று கிடைத்தது. சுவரைவிடத் தூணைப் பலமாகப் போடுங்கள், மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு வையுங்கள், வீட்டுக்குள் போகாமலே ஏறுகிற மாதிரி, என்றேன். எல்லா அலையும் மாடி உயரத்துக்கு வந்துவிடாது. ஏறி நின்றால் ஒரு வாய்ப்பு உண்டு.

கார்த்தி கவனமாகக் கேட்டார். படிக்கட்டு எந்தப் பக்கம் வரும் என்று காலால் மணலில் கோடு இழுத்துப் பார்த்தார். மேற்குப் பக்கம் வைக்கலாம் என்றார். மல்லிகா, “உசரம் கம்மியா வைடா படியை. எனக்கு முட்டி மடங்காது,” என்றார். அந்த அரை மணி நேரம் எனக்கு இலேசாக இருந்தது. நான் வந்ததில் ஏதோ பயன் இருப்பது போலத் தோன்றியது.

மூன்றரைக்கு ரவி மயிலாடுதுறைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். மாலை ரயிலில் இடம் கிடைத்தது. ஏழரைக்குத் தஞ்சாவூர்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசி நல்ல மாதங்கள், சித்திரைக்குப் பிறகு கரையில் நிற்க முடியாது. பூம்புகார்க் கரையில் குளிக்க இறங்க வேண்டாம், அடியில் இழுப்பு அதிகம். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். கழிப்பறைக்குக் கலைக்கூடத்தை நம்புங்கள், கரையை நம்ப வேண்டாம். ஆட்டோ, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. மீனவ ஊர்களுக்குள் போனால் சுனாமியைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள்.

எந்தக் கடற்கரைக்குப் போனாலும் போனவுடன் உயரமான கட்டடம் எங்கே, உள்ளே போகும் வழி எது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலும், கடல் பக்கமிருந்து ரயில் வருவது போல இரைச்சல் கேட்டாலும், கைப்பேசியைப் பார்க்காமல் ஓடுங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். சரிவில் எழும் அலை இந்த மூன்றில் ஒன்றையும் காட்டாமல் வரக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டிச் செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘நம் கடலடிச் சரிவுகள் குறித்து மேலும் ஆய்வு தேவை’ என்று முடித்தேன். தப்பில்லாத வாக்கியம், யாரும் திருத்தவில்லை. ஆய்வு நடக்கட்டும், சரிவின் படம் வரட்டும், எங்கே பெயரும் என்றுகூடத் தெரியட்டும். எப்போது என்பது அப்போதும் தெரியாது. தெரியாததைச் சொன்னால் அறிவு வளரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது ஒரு குடும்பத்துக்குள் போய் என்ன செய்யும் என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. நான் போகாமல் இருந்திருந்தால் மல்லிகா இன்னும் அந்தக் குடியிருப்பில் மகனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். மேலே இருந்து காரை விழுந்திருக்கவும் கூடும். எதை எதோடு நிறுத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ரவி ஒரு படம் அனுப்பினார். வீடு எழும்பி, நீல வண்ணம் அடித்து, வாசலில் வாழை கட்டத் தயாராக நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் வெறும் சுவர். படிக்கட்டு எங்கே என்று கேட்டேன். ‘காசு கையை இழுத்துப் பிடிச்சிடுச்சு மேடம், அடுத்த சீசன்ல போட்டுக்கலாம்னு கார்த்தி சொல்லிட்டான்’ என்று பதில் வந்தது. அதற்குக் கீழே மல்லிகாவின் குரல்பதிவு ஒன்று. பின்னால் அலைச் சத்தமும் பிள்ளையின் மழலையும் கேட்டன. “யம்மா, புதன்கிழமை பால் காய்ச்சுறோம். நீங்க கட்டாயம் வரணும். உங்களாலதான் இது முடிஞ்சுது.”

போகத்தான் போகிறேன். சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பால் பொங்கும்போது எல்லோரோடும் நின்று, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு வருவேன்.